கடனுக்கு உதவி என்று பெயர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிரதி வருஷமும் மார்ச்சு மாத இறுதியில் லட்சக்கணக்கான குடும்பங்கள் கலாசாலைகளின் தீர்ப்பை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றன. ஜனவரி மாதத் தொடக்கத்தில் விண்ணப்பம் அனுப்பிய வித்தியார்த்திகளுக்கு, பிரசித்தி பெற்ற கலாசாலைகள் ஏறக்குறைய மூன்று மாதங் கழித்தே இடம் உண்டு, இல்லை என்று விடையளிக்கின்றன. இடம் பெற்றவர் மே மாதம் 1-ந் தேதிக்குள் தமது சம்மதத்தைத் தெரிவித்தல் வேண்டுமென்பது அங்கே நெடுநாளைய வழக்கம்.

இடைப்பட்ட அந்த ஒரு மாதத்திலே குடும்பங்களை வருத்தும் கேள்வி பணத்தைப் பற்றியது. அந்நாட்டுக் கலாசாலைகள் விளம்பரப்படுத்தும் சம்பளம் ஒன்று. குடும்பம் உண்மையில் செலுத்தும் தொகை வேறொன்று. பெயர் பெற்ற தனிக் கலாசாலைகள் பலவற்றில் சம்பளம், வாசம், போஜனம் யாவும் சேர்ந்து வருஷத்திற்கு 80,000 டாலருக்கு மேற்படுகிறது. குடும்பத்தின் வருமானத்தையும் ஆஸ்தியையும் விசாரித்து, அதில் ஒரு பகுதியைக் கலாசாலையும் ராஜாங்கமும் ஈடு செய்கின்றன. அதன் விவரத்தைக் கூறும் கடிதத்தை நம்பியே பெற்றோர் கணக்குப் போடுகின்றனர்.

மயக்கம் பிறப்பது அக்கடிதத்திலேதான். அதில் மூன்று வகைப் பணம் கலந்திருக்கும். திருப்பித் தரவேண்டாத மான்யம் ஒன்று. மாணவன் உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய கூலி ஒன்று. வட்டியுடன் திருப்ப வேண்டிய கடன் ஒன்று. இம்மூன்றையும் ஒன்றாகக் கூட்டி, ‘உதவி’ என்ற ஒரே பெயரைச் சூட்டும் கலாசாலைகள் பல. 2018-ம் வருஷத்தில் நியூ அமெரிக்கா, யூஆஸ்பயர் என்னும் இரு ஸ்தாபனங்கள் இத்தகைய கடிதங்களை ஆராய்ந்தன. ராஜாங்கக் கடன்களில் ஒரே ஒரு வகையை 455 கலாசாலைகள் 136 விதமான பெயர்களால் குறித்திருந்தன. அவற்றுள் 24 பெயர்களில் ‘கடன்’ என்ற சொல்லே கிடையாது! அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2022-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையோ, நூற்றுக்கு 91 கலாசாலைகள் குடும்பம் செலுத்த வேண்டிய நிகரத் தொகையைக் கூறாமல் விடுகின்றன அல்லது குறைத்துக் கூறுகின்றன என்று மதிப்பிட்டது.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு கலாசாலையில் செலவு 80,000 டாலர். உதவி 52,000 டாலர் என்று கடிதம் வருகிறது. அதில் கடன் 5,500, கூலி 2,500. இவற்றை நீக்கினால் மான்யம் 44,000. குடும்பத்தின் பொறுப்பு 36,000. மற்றொரு கலாசாலையில் செலவு 30,000. உதவி 12,000 மாத்திரமே. ஆனால் அனைத்தும் மான்யம். அங்கே பொறுப்பு 18,000. பெரிய உதவியைக் கண்டு மகிழ்ந்து முதலாவதைத் தேர்ந்தவர், இதே விகிதத்தில் நான்கு வருஷங்களில் 72,000 டாலர் அதிகமாகச் சுமப்பார். அந்நாட்டில் நாலு கோடிக்கு மேற்பட்டோர் தலையில் சுமார் 1.6 லட்சம் கோடி டாலர் ராஜாங்கக் கல்விக் கடன் ஏறியிருப்பதில் வியப்பென்ன?

நிற்க. ராஜாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்பதற்கில்லை. 1972-ம் வருஷத்துச் சட்டத்தால் தோன்றி, பின்னர் ஸெனேட்டர் கிளெய்பர்ன் பெல்லின் பெயரைப் பெற்ற மான்யம் ஏழை மாணவர்க்கு உரியது. 2024-25-ல் அதன் உச்ச அளவு 7,395 டாலர். ஆயினும் உதவி கோரும் விண்ணப்பமே ஏழைகளை வஞ்சித்த காலமும் உண்டு. வழக்கமாக அக்டோபரில் வெளியாகும் அப்படிவம், எளிதாக்கப் போவதாகச் சொல்லித் திருத்தப்பட்டபோது, 2023 டிசம்பர்க் கடைசியில்தான் வெளிவந்தது. விவரங்கள் கலாசாலைகளுக்கு எட்டியது 2024 மார்ச்சில். பல கலாசாலைகள் மே 1-ந் தேதித் தவணையை நீட்டிக்க நேர்ந்தது. பணமுள்ளவர் பொறுத்திருந்தனர், பணமில்லாதவரோ உதவி எவ்வளவென்றறியாமல் தத்தளித்தனர்.

இன்னுமொரு வழக்கமும் கண்டிக்கத் தக்கது. இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவோம் என்று முன்னதாக வாக்களிக்கும் மாணவர்க்குப் பல கலாசாலைகள் டிசம்பரிலேயே விடை கூறுகின்றன. பல கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டிய ஏழை எவ்வாறு அவ்வாக்கை அளிப்பான்? செல்வர்க்கே அது செல்லும்.

பரிகாரம் அரிதன்று. 2012-ம் வருஷத்தில் அந்நாட்டுக் கல்வி இலாகா மாதிரிக் கடிதம் ஒன்றை வெளியிட்டது. ஆயினும் எல்லாக் கலாசாலைகளும் அதைக் கைக்கொள்ள வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. அதுவரையில் பெற்றோர் செய்யத் தக்கது யாதெனில், முழுச் செலவிலிருந்து மான்யத்தை மட்டும் கழித்து, எஞ்சியதை ஒப்பிடுவதே. வேலை இழப்பு, நோய் முதலிய இடர் நேர்ந்திருப்பின் கணக்கை மறுபடி ஆராயும்படி கலாசாலைக்கு எழுதலாம். உதவி அதிகாரிகளுக்குச் சட்டம் அவ்வதிகாரத்தை அளித்திருக்கிறது. கேட்பது யாசகமன்று.

சந்தையிலே எடையை மறைத்து விற்பவனை நாம் மன்னிப்பதில்லை. பதினெட்டு வயது இளைஞனுக்கு வாய்மையைப் போதிக்க முன்வரும் கலாசாலை, அவனுக்கு எழுதும் முதற் கடிதத்திலேயே கடனைக் கடன் என்று சொல்லக் கூசலாமோ?