சாளரத்தின் தலைப்புப் பட்டையை மாற்றியமைத்தல்

சாளரமொன்றின் மேல் விளிம்பிலுள்ள பட்டை தலைப்புப் பட்டை எனப்படும். இதில் பிரயோகத்தின் பெயரும் சிறிதாக்கல், பெரிதாக்கல், மூடல் ஆகிய பொத்தான்களும் காணப்படும். பட்டையைச் சுட்டியால் இழுத்துச் சாளரத்தை நகர்த்தலாம்.

1998 இல் வெளியான விசுவல் பேசிக் 6 இல் இதனை மாற்ற உதவும் படிவப் பண்புகள்:

• கெப்ஷன் – தலைப்பு வாசகம்
• கொன்ட்ரோல்பொக்ஸ் – 'பொய்' எனின் மூன்று பொத்தான்களும் மறையும்
• போர்டர்ஸ்டைல் – 0 எனின் பட்டையே மறையும்

உதாரணம்: திருகோணமலைத் துறைமுகத்திற்கு வரும் கப்பல்களைப் பதிவதற்கான படிவமொன்றைக் கருதுக. அதன் கெப்ஷனில் "கப்பல் வருகை" என யுனிகோட் தமிழில் இட்டால் கேள்விக்குறிகளே தோன்றும். இப்பதிப்பின் படிவங்கள் யுனிகோட்டை ஆதரிக்காமையே காரணமாகும். 2002 இல் வெளியான விசுவல் பேசிக் டொட் நெற்றில், டெக்ஸ்ட் பண்பில் இடும் தமிழ் சரியாகத் தோன்றும்.

கவனிக்க: மூடல் பொத்தானை மறைத்தால், பயனர் வெளியேறுவதற்குப் படிவத்தில் தனிப் பொத்தானொன்றை அமைத்தல் வேண்டும்.