பதினாறு பேருக்குச் சொன்னது

2012 அக்டோபர் 30, அதிகாலை. புதுச்சேரியில் சிறுதொழில் நடத்திவந்த ஒருவரின் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. பத்து நாட்களுக்கு முன் ட்விட்டரில் அவர் எழுதியிருந்த விமர்சனம்தான் காரணம். அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றியது அது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் வழக்கு. குற்றம் நிரூபணமானால் 3 ஆண்டு வரை சிறை. அன்றே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் நாடு முழுக்கப் பேசப்பட்டது வேறொரு விவரம்: அதை எழுதியபோது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர்தான்.

பதினாறு பேர் என்பது ஒரு திண்ணைக் கூட்டம். கைதுக்குப் பிறகு அந்த எண்ணிக்கை ஆயிரங்களுக்கு ஏறியது. 66ஏ பிரிவையே 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. கருத்துரிமைக்கு அது பெரிய வெற்றி. திண்ணையில் சொன்னது தெருவெல்லாம் கேட்கும் நிலைமையோ சட்டம் போன பிறகும் அப்படியே இருக்கிறது.

இது எல்லோருக்கும் பொதுவான ஆபத்து. என்றாலும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பங்கு உண்டு. மனம் விட்டுப் பேசுவது அவர்களுடைய பக்தியிலேயே சேர்ந்தது.

புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள ஜென்மராக்கினி மாதா பேராலயத்தைச் சம்பா கோயில் என்றும் சொல்வார்கள். அங்கே ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வது குருவானவரின் காதோடு நின்றுவிடுகிறது. அந்த ரகசியத்தை வெளியிடும் குருவைப் பதவியிலிருந்து இறக்கி, ஆயுள் முழுக்கத் தவம் செய்ய மடத்தில் வைக்க வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆணையிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டத்திலும் அதை நேரடியாக மீறுபவர் அந்தக் கணமே சபைநீக்கத்துக்கு உள்ளாகிறார். அதற்கு அடுத்த வட்டம் அன்பியக் கூட்டம், வீட்டு ஜெபக் கூட்டம்: பத்து இருபது பேர், எல்லாம் தெரிந்த முகங்கள். அதற்கும் வெளியே, சபை முன் எழுந்து நின்று ஊரறியச் சொல்லும் சாட்சி. எதை எந்த வட்டத்தில் சொல்வது என்பது யாரும் சொல்லித்தராமலே பழகிய ஒழுங்கு.

வாட்ஸாப் குழு மூன்று வட்டங்களையும் ஒன்றாக்கிவிட்டது.

இப்படி ஒரு ஜெபக் குறிப்பு எந்தக் குழுவிலும் வரக்கூடியதுதான்: இன்னார் மகளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஜிப்மரில் திங்கட்கிழமை ஆபரேஷன், எல்லோரும் ஜெபியுங்கள். கூடவே ஸ்கேன் ரிப்போர்ட்டின் படம். அதில் பெயர், வயது எல்லாம் தெளிவாக இருக்கும். அனுப்பியது அத்தையோ சித்தியோ, அன்பில்தான் அனுப்பியிருப்பார். கைகூப்பும் எமோஜிகள் வரிசையாக விழும். நாலு பேர் வேறு குழுக்களுக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு வாரத்தில் அது காரைக்கால் போய், பாரீஸ் போய், பெண் கேட்டு வரவிருந்த குடும்பத்தின் கைக்கும் வந்து சேரும். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை.

இதைப் பார்ப்பவர்கள் மனிதர்கள் மட்டுமல்ல. 2021-இல் ஃபேஸ்புக், குழுக்களில் ஜெப விண்ணப்பம் இடுவதற்கென்றே ஒரு வசதியைக் கொண்டுவந்தது. 'ஜெபித்தேன்' என்று அழுத்த அதில் ஒரு பொத்தானும் இருந்தது. மற்றப் பதிவுகளைப் போலவே இவையும் ஒருவருக்கு எந்த விளம்பரம் காட்டுவது என்பதைத் தீர்மானிக்க உதவலாம் என்று அப்போதே செய்தி வந்தது. ஒருவர் கடவுளிடம் கொண்டுபோன கடன் சுமையும் கணவனின் குடிப்பழக்கமும் ஒரு நிறுவனத்தின் கணக்கிலும் பதிவாகின்றன என்பது விசுவாசியை உறுத்த வேண்டிய விஷயம்.

ஃபேஸ்புக் பயனர்களின் தகவல் கசிந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018-இல் வெடித்தபோது ஃபேஸ்புக் வெளியிட்ட கணக்கு இன்னும் கலங்க வைக்கிறது. சர்ச்சைக்குரிய செயலியை நிறுவியவர்கள் இந்தியாவில் 335 பேர். அதை நிறுவிய நண்பர்கள் வழியாகத் தகவல் கசிந்திருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,000-க்கும் மேல். அந்த 335 பேரும் யாருக்கும் தீங்கு நினைத்திருக்க மாட்டார்கள். நண்பர்களின் பட்டியல் அவர்களோடு சேர்ந்தே போய்விட்டது. 'என் போன், என் விருப்பம்' என்ற பேச்சு இங்கே நிற்காது. சமூக ஊடகத்தைப் பற்றி 2023 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட ஏடு நல்ல சமாரியன் உவமையை மையமாக எடுத்துக்கொண்டது சரியான தேர்வு. என் அயலான் யார் என்ற அந்தப் பழைய கேள்வி, போனில் உள்ள தொடர்புப் பட்டியலுக்கும் பொருந்தும்.

பண மோசடிக்கும் பக்தி ஒரு வாசலாகிவிடுகிறது. போதகர், குரு, ஆயர் பெயரில் செய்தி அனுப்பி, அவசர உதவி என்று கிஃப்ட் கார்டு கேட்பவர்களைப் பற்றி அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2019-இல் எச்சரித்தது. புதுச்சேரிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. பிரான்சில் உறவுக்காரர் இல்லாத தெரு இங்கே குறைவு. வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர் முகநூலில் நட்பாகி, வேத வசனம் அனுப்பி, சில வாரங்களில் கல்யாணப் பேச்சும் பரிசுப் பார்சலும் வரை போனால் மற்ற ஊர்களில் எழும் சந்தேகம் இங்கே எழாமல் போகலாம். பார்சல் விமான நிலையத்தில் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, பணம் கட்டினால் விடுவார்கள் என்று ஒரு 'அதிகாரி' பேசும்போதுதான் கதை முடிவுக்கு வரும்.

வேளாங்கண்ணிக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29. குடும்பத்தோடு புறப்பட்டு, வழி நெடுக ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதையும் சேர்த்தே அறிவிக்கிறார்கள். படங்களைத் திரும்பி வந்த பிறகு போட்டாலும் மாதா கோபித்துக்கொள்ளப் போவதில்லை. புதுநன்மைப் படங்களில் இன்னும் கவனம் வேண்டும். வெள்ளை உடையில் குழந்தை, கீழே முழுப்பெயர், பள்ளி, பங்கு, தேதி. முன்பின் தெரியாத ஒருவன் பள்ளி வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட இவ்வளவு போதும்.

எல்லாவற்றிலும் கொடியது படத்தை வைத்து மிரட்டுவது. பொள்ளாச்சியில் முகநூல் நட்பு உட்படப் பல வழிகளில் பெண்களை வலைக்குள் இழுத்து, வன்கொடுமை செய்து, வீடியோவைக் காட்டி மிரட்டிய கும்பல் 2019-இல் பிடிபட்டது. ஒன்பது பேருக்கும் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தக் கும்பல் நம்பியிருந்தது பெண்களின் வெட்கத்தை. கோயிலுக்குப் போகும் குடும்பத்தில் அந்த வெட்கம் இரட்டிப்பாகும்: வீட்டில் என்ன சொல்வார்கள், பங்கில் என்ன சொல்வார்கள்? அந்த நேரத்தில் ஒரு பெண் நம்பிப் போகக்கூடிய முதல் வாசல் கோயிலாக இருக்கிறதா என்று ஒவ்வொரு பங்கும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்கு நற்செய்திகளிலும் இயேசு எழுதியதாக வரும் இடம் ஒன்றுதான். யோவான் 8-ஆம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்டவள் என்று ஒரு பெண்ணை நடுவில் நிறுத்திக் கல்லெறியக் கூட்டம் காத்திருந்தபோது, அவர் குனிந்து தரையில் எழுதினார். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. காற்றடித்தால் கலைந்துபோகும் எழுத்து அது. இன்றைய கூட்டத்தின் கையில் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அனுப்பியவர் செய்தியை அழித்த பிறகும், மன்னிப்புக் கேட்டு, திருந்தி, பிள்ளை பெற்று வாழும்போதும் அது யாரோ ஒருவர் போனில் தங்கிவிடுகிறது.

மோசடியில் பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. மிரட்டலுக்கும் போலிக் கணக்குக்கும் சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது; புகார் தரும்வரை செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. ஜெபக் குறிப்புகளுக்கோ புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பூசைக்குப் பணம் கட்டும்போது காரணத்தை வெளியில் சொல்ல விரும்பாதவர்கள் 'சிறப்புக் கருத்துக்காக' என்று மட்டும் எழுதிக் கொடுப்பது பழைய வழக்கம். குருவானவரும் பீடத்தில் அதை அப்படியே வாசிப்பார். யாருக்காக, எதற்காக என்று தெரியாமலே கோயில் முழுக்க அதற்காக மன்றாடும்.