ஹஜ் பயணக் குலுக்கல்

ஹஜ் பயணக் குலுக்கல் என்பது, இந்திய ஹஜ் குழு வழியாக மக்கா செல்ல விண்ணப்பித்தோரில் அவ்வாண்டு யாருக்கு இடம் என்று முடிவுசெய்யும் முறையாகும். இது ‘குறா’ என்றும் அழைக்கப்படுகிறது. நாகூர் போன்ற ஊர்களில் பல குடும்பங்களின் நீண்டநாள் சேமிப்பும் திட்டமும் இதன் முடிவைப் பொறுத்தே அமைகின்றன.

இடங்களின் எண்ணிக்கை

ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்ற அளவு, 1988இல் அம்மான் நகரில் நடந்த இஸ்லாமிய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு இந்தியாவுக்கு 1,75,025 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 1,22,518 ஹஜ் குழுவுக்கும், மீதி தனியார் பயண ஏற்பாட்டாளர்களுக்கும் பிரிக்கப்பட்டன.

குழுவின் இடங்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலங்களுக்குப் பகிரப்படுகின்றன. தமிழ்நாட்டின் முஸ்லிம்கள் சுமார் 42 லட்சம் பேர். விகிதக் கணக்கில் இதற்கு ஏறத்தாழ 3,000 இடங்கள் வரும். விண்ணப்பம் குறைந்த மாநிலங்களில் மீதமாகும் இடங்கள் மற்ற மாநிலங்களுக்குச் செல்வதால் இந்த எண்ணிக்கை கூடுவதுண்டு.

நடைமுறை

2025ஆம் ஆண்டுப் பயணத்திற்கு 65 வயது நிறைந்தோருக்கும், மஹ்ரம் துணையின்றிச் செல்லும் பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. எஞ்சிய இடங்களுக்குக் கணினி மூலம் குலுக்கல் நடந்தது.

‘கவர்’ எனப்படும் கூட்டு விண்ணப்பமே குலுக்கலின் அலகு. ஒரு கவரில் ஐந்து பெரியவர்கள் வரை சேரலாம். நாகூரில் தாய், தந்தை, மகன், மருமகள் ஒரே கவரில் விண்ணப்பித்தால் நால்வருக்கும் இடம் கிடைக்கும். இல்லையேல் ஒருவருக்கும் கிடைக்காது. தேர்வாகாதோர் காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்படுவர். தேர்வானவர் பயணத்தை ரத்து செய்தால் அவ்விடம் வரிசைப்படி அடுத்தவருக்குச் செல்லும்.

காத்திருந்தவரின் நிலை

முன்பு தொடர்ந்து நான்காம் முறை விண்ணப்பித்தவருக்குக் குலுக்கலின்றி இடம் வழங்கப்பட்டது. 2018–22 ஹஜ் கொள்கை அச்சலுகையை நீக்கியது. அதனால் தொடர்ந்து விண்ணப்பித்தவருக்கு இருந்த அந்த உறுதி இல்லாமல் போனது.

நாகூருடன் நெடுங்கால உறவுள்ள மலேசியாவில் குலுக்கல் இல்லை. தாபுங் ஹாஜி நிறுவனத்தில் பதிந்த வரிசைப்படி அழைப்பு வரும்.  ஆனால் புதிதாகப் பதிவோரின் காத்திருப்பு நூறாண்டைத் தாண்டக்கூடும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட முறையும் உண்டு. சமயத் தொடர்பற்ற எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கரடி வேட்டை அனுமதி கிடைக்காதவருக்கு ஆண்டுதோறும் ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். புள்ளி மிகுந்தவர்க்கே முதலில் அனுமதி.

குலுக்கல் பாரபட்சமற்றது, ஆயினும் காத்திருந்த ஆண்டுகளை அது தன்னளவில் கணக்கில் கொள்வதில்லை. வயதானோருக்கான முன்னுரிமை இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.