உட்கார விடாத வலிக்கு ஓர் ஊசி

நின்றால் தொல்லை இல்லை. படுத்தால் தூக்கம் வந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்தால்தான் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே எரிச்சலும் குத்தலும். கழிவறை இருக்கையில் அமர்ந்தால் மட்டும் வலி தணியும். மூலமா, சிறுநீர்த் தொற்றா என்று பல சோதனைகள் செய்தும் எதுவும் பிடிபடாது. இப்படி வருபவர்களிடம் மருத்துவர்கள் சந்தேகிப்பது புடெண்டல் நரம்பை.

முதுகெலும்பின் அடிப்பகுதியில் எஸ்2, எஸ்3, எஸ்4 நரம்பு வேர்களில் பிறக்கும் இது, இடுப்புக்குழியை விட்டு வெளியேறி, இடுப்பெலும்பின் முள்போன்ற முனையைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் உள்ளே நுழைகிறது. அந்த வளைவில் இரண்டு இணைப்புநார்களுக்கு இடையிலோ, அடுத்து வரும் ஆல்காக் குழாய் என்ற குறுகிய பாதையிலோ நரம்பு நெருக்கப்படலாம். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் இத்தொல்லை வருவதுண்டு.

சிகிச்சைக்கு நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் திரையில் அந்த எலும்பு முனையையும் பக்கத்தில் துடிக்கும் தமனியையும் பார்த்தபடி, பிட்டத்தின் வழியே மெல்லிய நீண்ட ஊசி இறங்குகிறது. மருத்துவர் முதலில் சற்று உறிஞ்சிப் பார்ப்பார்; ரத்தம் வராவிட்டால்தான் மருந்தைச் செலுத்துவார். லிக்னோகெய்ன், புபிவகெய்ன் போன்ற மரப்பு மருந்துகள் நரம்பிழையில் சோடியம் நுழையும் வாசல்களை அடைக்கின்றன. சோடியம் நுழையாவிட்டால் வலிச் செய்தி நகராது.

பிறகு நோயாளியை உட்காரச் சொல்வார்கள். இந்த ஊசி வைத்தியம் மட்டுமல்ல, சோதனையும்கூட. பிரான்சின் நாந்த் நகர மருத்துவர்கள் முன்னின்று 2008-இல் இந்த நரம்பு நெருக்கத்தைக் கண்டறிய வெளியிட்ட ஐந்து அடையாளங்களில், ஊசிக்குப் பின் வலி குறைவதும் ஒன்று. ஆனால் வலி குறைந்ததாலேயே நரம்பு நெருக்கப்பட்டிருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. அந்த நரம்பு பரவியுள்ள இடத்தில் வேறு எந்தக் கோளாறு இருந்தாலும் வலி அடங்கும். அந்தப் பகுதி நன்றாக மரத்தும் வலி மாறவில்லையென்றால், சந்தேகம் வேறு பக்கம் திரும்பும். வால் எலும்பை ஒட்டிய வலிக்கு அதன் முன்னுள்ள நரம்பு முடிச்சிலும், கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை வலிக்கு இன்னும் மேலேயுள்ள நரம்புப் பின்னலிலும் ஊசி போடுவதுண்டு.

மரப்பு சில மணி நேரத்தில் விலகும். சிலருக்கு நிவாரணம் வாரக்கணக்கில் நீடிக்கிறது. ஸ்டீராய்டு சேர்ப்பதால் கூடுதல் பலனில்லை என்று 2017-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. மருந்து பரவிக் கால் தற்காலிகமாகத் தளரலாம் என்பதால் வீடு திரும்பத் துணை வேண்டும். மருந்து வேலைசெய்யும் அந்தச் சில மணி நேரத்தில் உட்கார்ந்து பார்த்து, வலி எவ்வளவு குறைந்தது என்று நோயாளி குறித்துவைப்பது அவசியம். இடுப்புத் தசைக்கான பிசியோதெரபியா, மாத்திரையா, அறுவை சிகிச்சையா என்று யோசிக்கும்போது மருத்துவர் முதலில் கேட்பது அந்தக் குறிப்பைத்தான்.