அளந்து காக்கும் பணி

நுழையும்முன்

சுற்றுச்சூழலைக் காக்கச் சட்டங்கள் பல உள்ளன. அவற்றை ஏட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவருவோர் உள்ளாட்சி அமைப்புகளின் அலுவலர்களே. ஆலையின் கழிவையும் அங்காடியின் குப்பையையும் ஆராயும் அவர்கள், தம் அலுவலகத்தின் குறையையும் அதே கண்ணால் காண வேண்டியுள்ளது. அப்பணியின் இயல்பையும் இடர்ப்பாட்டையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உள்ளாட்சியும் சூழலும்

ஒரு நகரத்தின் வீடுகளிலிருந்து காலை வேளையில் வெளியேறும் கழிவுநீர், நாளின் பிற வேளைகளைக் காட்டிலும் மிகுதியானது. குளித்த நீரும் துவைத்த நீரும் கழிப்பறை நீரும் பாதாளச் சாக்கடைக் குழாய்களில் ஒன்றுகூடி, நீரேற்று நிலையத்தைக் கடந்து, சுத்திகரிப்பு நிலையத்தை அடைகின்றன. அங்குத் தூய்மை செய்யப்பட்ட நீர் ஆற்றிலோ கால்வாயிலோ விடப்படுகிறது. அந்நீர் சட்டம் வகுத்த அளவுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். சாயப்பட்டறையின் கழிவு மழைநீர் வடிகாலில் கலக்கிறதா, திருமண மண்டபத்தின் குப்பை தரம் பிரித்து வழங்கப்படுகிறதா, தடை செய்யப்பட்ட நெகிழிப் பை கடையில் விற்கப்படுகிறதா என்பனவற்றையும் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்க நகராட்சிகள் பலவற்றில் இதற்கெனவே சூழல் விதி நிறைவேற்ற வல்லுநர் என்னும் பணியிடம் உண்டு. தமிழ்நாட்டில் இப்பணி ஒருவர் கையில் இல்லை. மாநகர் நல அலுவலர், பொறியாளர், துப்புரவு ஆய்வாளர் முதலியோரிடையே பகிர்ந்து கிடக்கிறது. பகிர்ந்து கிடப்பதாலேயே, எவருக்கும் உரியதன்று எனக் கைவிடப்படும் வாய்ப்பும் அதற்கு உண்டு.

இந்திய நாடாளுமன்றம் 1974இல் நீர் மாசு தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. காற்றுக்கான சட்டம் 1981இல் வந்தது. போபால் நச்சுவாயுப் பேரிடர் 1984 டிசம்பரில் நிகழ்ந்த பின்னர், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. இவற்றை நடைமுறைப்படுத்தத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 முதல் இயங்கி வருகிறது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்குரிய பணிகளாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொருள்களைப் பட்டியலிட்டது. பொதுச் சுகாதாரம், திடக்கழிவு மேலாண்மை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும்.

காவலரே பொறுப்பாளரும் ஆதல்

இப்பணியை ஏனைய ஆய்வுப் பணிகளிலிருந்து வேறுபடுத்துவது ஒரு விந்தையான நிலை. தொழிற்சாலையை ஆய்வு செய்யும் அரசு அலுவலர் அத்தொழிற்சாலையின் ஊழியர் அல்லர். உள்ளாட்சி அலுவலரோ, தாம் ஊதியம் பெறும் நிறுவனத்தையே கண்காணிக்க வேண்டியவர். கழிவுநீரை வெளியேற்ற ஆலைக்கு வாரியத்தின் இசைவாணை தேவைப்படுவது போலவே, நகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் அது தேவை. உணவகம் ஒன்று கால்வாயில் எண்ணெய்க் கழிவைக் கொட்டினால் நகராட்சி தண்டத்தொகை விதிக்கிறது. அந்நகராட்சியின் நீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுதாகி, சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் அதே கால்வாயில் பாய்ந்தால், அதைப் பதிவேட்டில் எழுதி வாரியத்துக்கு அறிவிக்கும் கடமையும் அதே அலுவலகத்துக்கே உரியது. முதலாவதை எழுதும் பேனா இரண்டாவதை எழுதத் தயங்குவது மனித இயல்பு. மேலதிகாரிக்கு விருப்பமில்லாத எண்ணை எழுதுவோர் பாராட்டுப் பெறுவது அரிது.

தமிழகத்து ஊராட்சி மரபு இத்தயக்கத்தை முன்னரே அறிந்திருந்தது. முதலாம் பராந்தக சோழனின் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தமையைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோர் மட்டுமல்லர், அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றோர் என அவை விதிக்கின்றன. ஏரியைப் பேணுவதும் கணக்கை ஒப்படைப்பதும் அங்கே ஒரே பொறுப்பின் இரு பகுதிகளாக இருந்தன.

இரத்லாம் நகராட்சி வழக்கு

உள்ளாட்சி தன் கடமையைச் செய்யாவிடில் என்ன நேரும் என்னும் கேள்விக்கு இந்திய நீதித்துறை அளித்த விடை, மத்தியப் பிரதேச மாநிலத்தின் இரத்லாம் நகரில் தொடங்கியது. அந்நகரின் ஒரு பகுதியில் முறையான வடிகால் இல்லை. பொதுக் கழிப்பிடம் இன்மையால் ஏழை மக்கள் தெருவோரத்தையே நாடினர். சாராய ஆலையின் நாற்றமடிக்கும் கழிவுநீரும் அத்தெருவில் ஓடியது. கொசுக்கள் பெருகின. குடியிருப்போர் 1972இல் உட்கோட்ட நடுவரிடம் முறையிட்டனர். பொதுத்தொல்லையை அகற்ற ஆணையிடும் அதிகாரத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு நடுவருக்கு அளித்திருந்தது. ஆறு மாதங்களுக்குள் திட்டம் வகுத்து வடிகால் அமைக்குமாறு நடுவர் ஆணையிட்டார்.

நகராட்சி அதை ஏற்கவில்லை; வழக்கை மேல்முறையீட்டுக்குக் கொண்டு சென்றது. அதன் வாதங்கள் இரண்டு. அப்பகுதியின் நிலையை அறிந்தே மக்கள் அங்கு வீடு கட்டினர். ஆதலால் குறைகூற அவர்களுக்கு உரிமையில்லை என்பது ஒன்று. நகராட்சியிடம் பணமில்லை என்பது மற்றொன்று. முதல் வாதம் வியப்பூட்டுவது. சாக்கடை இல்லாத தெருவில் குடியேறியவர் சாக்கடை கேட்கலாகாது என்றால், எந்தத் தெருவுக்கும் சாக்கடை வராது. இரண்டாம் வாதம் அவ்வாறு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சிறு நகராட்சிகளின் கருவூலம் வறண்டிருப்பது உண்மை.

உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. அதனை எழுதியவர் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர். மக்கள் நலத்தைக் காக்கும் சட்டக் கடமையிலிருந்து தப்புவதற்குப் பணமின்மையை ஒரு காரணமாகக் காட்ட இயலாது என்று அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. ஆலைக் கழிவு தெருவில் பாய்வதைத் தடுக்கவும், கழிப்பிடங்கள் அமைக்கவும், வடிகால்களைச் சீராக்கவும் காலக்கெடுவுடன் ஆணையிட்டது. ஆணையை மீறுவோர் தண்டனைக்கு உள்ளாகலாம் என்பதையும் நினைவூட்டியது. நிதிநிலை அறிக்கையில் இடமில்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்பும் மேலதிகாரியிடம், கீழ்நிலை அலுவலர் எடுத்துக்காட்டத்தக்க சான்றாக அத்தீர்ப்பு இன்றும் விளங்குகிறது.

ஒரு புட்டி நீர்

தீர்ப்பும் சட்டமும் பெரியவை. ஆயினும் அவை பற்றிக்கொண்டு நிற்பது சிறிய செயல் ஒன்றின்மீது. அது மாதிரி எடுத்தல் ஆகும்.

கழிவுநீரின் தரத்தை அறிய உதவும் முதன்மையான அளவு, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை எனப்படும். கழிவுநீரில் கரிமப் பொருள்கள் உள்ளன. நுண்ணுயிரிகள் அவற்றை உண்டு சிதைக்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொள்கின்றன. கழிவு மிகுந்தால் அத்தேவையும் மிகும். மீனுக்கு எஞ்சும் ஆக்சிஜன் குறையும். நம் நாட்டு வெப்பநிலையில் தூய நீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனையே தன்னுள் கொள்ளும். சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீரோ 200 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட ஆக்சிஜனைக் கோரக்கூடியது. அது அப்படியே ஆற்றில் கலந்தால் என்ன நேரும் என்பதை இவ்விரண்டு எண்களே உணர்த்திவிடும். நிலப்பரப்பிலுள்ள நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வகுத்த பொதுவான எல்லை, லிட்டருக்கு 30 மில்லிகிராம்.

இச்சோதனை நொடிப்பொழுதில் முடிவதன்று. மாதிரியை 27 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் மூன்று நாள் வைத்திருந்து, ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது எனக் காண வேண்டும். ஆய்வகம் சேரும்வரை புட்டி பனிக்கட்டிப் பெட்டியில் இருத்தல் வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் அது அரைநாள் கிடந்தால், நுண்ணுயிரிகள் வழியிலேயே தம் வேலையைத் தொடங்கிவிடும். ஆய்வகத்தில் கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். எவரும் பொய் எழுதவில்லை. ஆயினும் எண் பொய்யாகிவிட்டது.

வேளையும் முக்கியம். கழிவின் வரத்து உச்சத்தில் இருக்கும்போது எடுத்த மாதிரி ஒன்றைக் கூறும்; நள்ளிரவில் எடுத்தது வேறொன்றைக் கூறும். ஆதலால் குறிப்பிட்ட இடைவெளியில் பலமுறை எடுத்து ஒன்றாகக் கலக்கும் கூட்டு மாதிரி நம்பத்தக்கது. இரவில் மட்டும் கழிவைத் திறந்துவிடும் ஆலையைப் பகலில் சென்று ஆய்ந்து பயனில்லை என்பதைக் களத்தில் நின்றவர்கள் நன்கறிவர்.

வாரிய அலுவலர் மாதிரி எடுக்கையில் பின்பற்ற வேண்டிய நெறியை 1974ஆம் ஆண்டுச் சட்டம் தன் 21ஆம் பிரிவில் வரையறுக்கிறது. ஆய்வு நோக்கத்தை உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பகுக்க வேண்டும். இரு கலன்களையும் முத்திரையிட்டு இருவரும் கையொப்பமிட வேண்டும். இந்நெறி வழுவினால், அந்த ஆய்வு முடிவை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. ஓர் ஆறு நஞ்சானது உண்மையாகவே இருக்கலாம். முத்திரை சரியில்லாத புட்டி அதனை மெய்ப்பிக்க உதவாது. ஏழை விவசாயியின் கிணறு கெட்டதற்கான வழக்கு, அரக்கு முத்திரை ஒன்றில் தோற்றுவிடக்கூடும்.

பிளின்ட் நகரம் அளந்த அளவு

அளவீட்டு நெறி காகிதத்தில் மட்டும் நிறைவேறினால் விளையும் கேட்டுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ட் நகரம் சான்றாகும். அப்போது ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரம் நிதி நெருக்கடியில் இருந்தது. மாநில அரசு நியமித்த மேலாளர் அதனை நிருவகித்தார். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில், டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஏரிநீர் நிறுத்தப்பட்டு, பிளின்ட் ஆற்றுநீர் வழங்கப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் அந்நீரில் சேர்க்கப்படவில்லை. நகரின் பழைய குழாய்கள் பலவும் ஈயத்தால் ஆனவை. அரிப்பினால் ஈயம் குடிநீரில் கரைந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. அதற்குத் தீங்கற்ற அளவென ஒன்று இல்லை.

நீரின் நிறமும் மணமும் மாறியதாக மக்கள் முறையிட்டனர். நீர் பாதுகாப்பானதே என்று அலுவலர்கள் விடையளித்தனர். அதே ஆண்டு அக்டோபரில், இயந்திர உதிரிப் பாகங்கள் அரிக்கப்படுவதால் அந்நீர் தனக்கு வேண்டாம் என்று அங்கிருந்த வாகன எஞ்சின் ஆலை ஒன்று நிறுத்திக்கொண்டது. எஞ்சினுக்கு ஆகாத நீர் மேலும் ஓராண்டுக் காலம் குழந்தைகளின் குவளைகளில் நிறைந்தது.

சோதனை செய்யப்படாமல் இல்லை. வீடுகளில் மாதிரிகள் எடுக்கப்பட்டன. குழாயில் குறைந்தது ஆறு மணி நேரம் தேங்கிய நீரின் முதல் லிட்டரைப் பிடிக்க வேண்டும் என்பது விதி. தேங்கி நிற்கையில்தான் ஈயம் நீரில் கரையும். ஆனால் நீரைத் தேங்கவிடுவதற்கு முன் குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டுக் கழுவுமாறு மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. கழுவிய குழாயில் ஈயத் துகள் எஞ்சுவது குறைவு. வாய் குறுகிய புட்டி வழங்கப்பட்டதால் குழாயை மெல்லத் திறக்க நேர்ந்தது. மெல்ல ஓடும் நீர் துகளைப் பெயர்ப்பதில்லை. ஈயக் குழாய் உள்ள வீடுகளையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியும் சரிவரப் பின்பற்றப்படவில்லை. எந்த வீட்டில் எக்குழாய் என்ற விவரம் பழைய அட்டைகளில் எழுதிக் கிடந்தது.

மாதிரிகளை ஏறுவரிசையில் அடுக்கினால், நூற்றுக்குத் தொண்ணூறாம் இடத்தில் நிற்கும் எண் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 2015ஆம் ஆண்டின் முற்பாதியில் 71 மாதிரிகள் சேர்ந்தன. அவற்றுள் ஈயம் மிகுந்த 2 மாதிரிகள், விதிகளில் இருந்தே காரணம் காட்டி, கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. எல்லையைத் தாண்டியிருக்க வேண்டிய எண் அதற்குள் வந்து அமர்ந்தது. நகரம் விதிப்படி இருப்பதாக அறிக்கை எழுதப்பட்டது.

மறு அளவீட்டை மக்களே மேற்கொண்டனர். வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் அவர்தம் மாணவர்களும் சுமார் 300 வீடுகளுக்குப் புட்டிகளை அனுப்பினர். 250க்கும் மேற்பட்ட வீடுகளிலிருந்து அவை நிறைந்து திரும்பின. தொண்ணூறாம் இடத்து எண் 25ஐத் தாண்டியிருந்தது. குழந்தைநல மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, நீர் மாற்றத்துக்குப் பின் குழந்தைகளின் குருதியில் ஈயம் கூடியதை மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு 2015 செப்டம்பரில் வெளிப்படுத்தினார். அக்டோபரில் நகரம் பழைய ஏரிநீருக்கே திரும்பியது.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நடுவண் அரசின் சுற்றுச்சூழல் முகமை, மாதிரி எடுப்பது பற்றி நாடெங்கும் புதிய அறிவுரையை வெளியிட்டது. மாதிரிக்கு முன் குழாயைக் கழுவச் சொல்லலாகாது. குழாய் முனையின் வலையைக் கழற்றச் சொல்லலாகாது. புட்டியின் வாய் அகன்றதாக இருத்தல் வேண்டும்.