கடல் தாண்டி வந்த கால்கள் – 11: கொல்கத்தாவின் பின்லாந்துக்காரர்

சூரமங்கலத்தில் உட்கார்ந்து கால்பந்து பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். சேலம் ஜங்ஷன் பக்கம் எந்த டீக்கடை டிவியிலும் கிரிக்கெட்தான். போதாக்குறைக்கு யார்க்கர் நடராஜன் நம்ம சின்னப்பம்பட்டிக்காரர். அந்த நடராஜனாலேயே இங்குள்ளவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: முழங்கால் என்பது ஆட்டக்காரனின் பிழைப்பு. 2021-ல் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபோது, மறுபடி பந்து வீசுவாரா என்று கேட்காத ஆளில்லை.

ஜோனி காவ்கோவின் இந்தியக் கதையும் முழங்காலில்தான் திரும்புகிறது.

1990-ல் துர்க்கு நகரில் பிறந்தவர். சொந்த ஊரின் இன்டர் அணியில் தொடங்கி ஜெர்மனி, டென்மார்க் என்று ஆடியவர். 2021 கோடையில் பின்லாந்து முதன்முறையாக யூரோ கோப்பையில் ஆடியபோது அந்த அணியில் இருந்தார். அது முடிந்த கையோடு கொல்கத்தாவின் ஏடிகே மோகன் பகானில் ஒப்பந்தம். ஓய்வுக்கு முன் நாலு காசு பார்க்க வருகிறவர்களை இத்தொடரில் நிறையவே சந்தித்துவிட்டோம். இவர் அந்த ரகமில்லை.

இவரைப் போன்ற நடுக்கள ஆட்டக்காரரை ரசிக்க வேண்டுமானால் பந்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும். தன் தடுப்பாட்டக்காரரிடம் பந்து இருக்கும்போதே ஓடி வந்து வாங்கி, ஒரே தொடுதலில் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, எல்லோரும் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிரணியின் பெனால்டி பகுதிக்குள் சத்தமில்லாமல் நுழைந்திருப்பார். 2022 ஏப்ரலில் ஏஎஃப்சி கோப்பைத் தகுதிச் சுற்றில் இலங்கையின் புளூ ஸ்டார் அணியை 5-0 என்று நொறுக்கியபோது அதில் இரண்டு கோல் இவருடையது. அக்டோபரில் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 5-2 என்று வென்றபோதும் ஒன்று போட்டார்.

அடுத்த சில வாரங்களில் முழங்கால் போனது.

இங்கே இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு அணி பதிவு செய்யக்கூடிய வெளிநாட்டவர் ஆறு பேர். களத்தில் ஒரே நேரத்தில் நால்வர். அடிபட்டவருக்காக இடத்தைக் காலியாக வைத்திருக்க எந்த அணிக்கும் கட்டுப்படியாகாது. காவ்கோ பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது, உருகுவேயின் கல்யேகோ உள்ளே வந்தார். 2023 மார்ச்சில் கோவாவில் பெங்களூருவை பெனால்டியில் வென்று அணி கோப்பையைத் தூக்கியபோது இவர் களத்தில் இல்லை. குரூரமான விதிதான். ஆனால் அதே விதி அவரைத் திரும்பவும் கூட்டிவந்தது.

2023 டிசம்பரில் மோகன் பகான் வரிசையாக மூன்று ஆட்டங்களில் தோற்றது. பயிற்சியாளர் ஃபெராண்டோ போனார், பழைய பயிற்சியாளர் ஹபாஸ் வந்தார். வெளிநாட்டு ஆட்டக்காரர் பூமூஸை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் காவ்கோவைப் பதிவு செய்தார்கள். நடுக்களம் நிமிர்ந்தது. 2024 ஏப்ரல் 15, சால்ட் லேக் மைதானம், கடைசி லீக் ஆட்டம். மும்பைக்கு டிரா போதும், மோகன் பகானுக்கு வெற்றியே வேண்டும். 2-1. 48 புள்ளிகளோடு லீக் கேடயம் கொல்கத்தாவுக்கு, மும்பைக்கு 47. மே மாத இறுதிப் போட்டியில் அதே மும்பை 3-1 என்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது வேறு விஷயம்.

அப்புறம் ஐ-லீக்கில் இன்டர் காசி, அங்கேயும் ஹபாஸ். 2025 ஏப்ரலில் சர்ச்சில் பிரதர்ஸை சாம்பியன் என்று அறிவித்தது இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. காசி அதை எதிர்க்க, வழக்கு சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், ஜூலையில் பட்டம் காசிக்கு மாறியது.

அடுத்த வாரம்: ஹபாஸ்.