காலியான சாலையின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சைக்கிள் மிதிக்கிறவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: அந்த நேரத்தில் ரோடு காலியாக இருக்கும். நீலாங்கரை, அக்கரை, உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டி முட்டுக்காடு வரை போய், வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடலாம். பல வருடங்களாக நானும் அப்படித்தான் போய்வருகிறேன். பஸ் இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை, காதைப் பிளக்கும் ஹாரன் இல்லை. ஆகவே ஆபத்தும் குறைவு என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடுகிறது. அந்த முடிவு தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நெரிசல் எரிச்சலைத் தரும். ஆனால் நெரிசலில் யாராலும் 80 கி.மீ. வேகத்தில் போக முடியாது. காலியான ரோட்டில் முடியும்.

80 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் நகர்கிறது. முன்னால் ஏதோ தெரிகிறது, அது சைக்கிள் என்று ஓட்டுநர் கண்டு, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். விழிப்பாக ஓட்டுகிறவருக்கான கணக்கு இது. அதற்குள் வண்டி 33 மீட்டர் வந்துவிடும். காய்ந்த தரை, தேயாத டயர் என்றால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து நிற்க இன்னொரு 36 மீட்டர். மொத்தம் 70 மீட்டருக்கு ஒன்று குறைவு. சைக்கிளும் அதே திசையில் 20 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பதால், கார் முழுதாக நிற்கத் தேவையில்லை. சைக்கிளின் வேகத்துக்கு இறங்கினால் போதும். அப்படிப் பார்த்தாலும் 45 மீட்டர் வேண்டும். தாழ்த்திய ஹெட்லைட் தெளிவாகக் காட்டுவதோ ஏறக்குறைய 40, 50 மீட்டர்தான். கறுப்பு டி-சர்ட் போட்டவர் அதைவிடக் கிட்டத்தில் வந்துதான் தெரிவார். ஆக, எல்லாம் சரியாக நடந்தால்கூட மிச்சமாக ஓரடி இல்லை. அந்த நேரத்தில் ஓட்டி வருகிறவர் இரவெல்லாம் கண்விழித்தவராகவோ குடித்தவராகவோ இருந்தால் ஒன்றரை விநாடி என்பது இரண்டரை ஆகும். ஒரு விநாடி கூடினால் இன்னொரு 17 மீட்டர் வேண்டும்.

அதே கார் 60 கி.மீ. வேகத்தில் வந்தால் 26 மீட்டர் போதும். சென்னையில் கார்களுக்கு 2023இல் காவல்துறை வைத்த உச்சவரம்பு இந்த 60தான். குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30. சைக்கிளும் நடையும் மோட்டார் வண்டிகளோடு கலக்கிற இடங்களில் 30க்கு மேல் கூடாது என்று 2020இல் ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்பு உலக மாநாட்டுப் பிரகடனமும் சொன்னது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. 30, 60 என்ற எண்களுக்கு இடையில் இருப்பது உடைந்த காலுக்கும் பிணவறைக்கும் உள்ள தூரம். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்தச் சாவுகளில் நூற்றுக்கு 71 அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர மோட்டார் வண்டிகளில் போனவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்துபோனவர்கள். சுற்றிலும் தகடு இல்லாமல் சாலையில் இறங்குகிறவர்களின் பட்டியல் அது. சைக்கிள்காரர்களும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம்.

2024 பிப்ரவரி 28 அன்று நவி மும்பையின் பாம் பீச் சாலையில் நடந்ததை இந்தியாவின் சைக்கிள் குழுக்கள் இன்னும் மறக்கவில்லை. இன்டெல் நிறுவனத்தின் தெற்காசியப் பிரிவுக்குத் தலைவராக இருந்த அவ்தார் சைனி, 68 வயதுக்காரர், நண்பர்களோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். நேரம் காலை ஆறைத் தொடவில்லை. பின்னால் வேகமாக வந்த வாடகைக் கார் மோதியது. அவர் உயிர் பிழைக்கவில்லை. அனுபவம், துணைக்கு ஆட்கள், அகலமான சாலை, அதிகாலை: நாம் நம்பியிருக்கிற எல்லாமே அன்று அங்கே இருந்தன.

குழுவாகப் போனால் பாதுகாப்பு என்பதில் பாதிதான் உண்மை. பத்து விளக்குகள் சேர்ந்து மின்னினால் தூரத்திலிருந்தே தெரியும், அது லாபம். ஆனால் இருவர் மூவர் பக்கம்பக்கமாகப் பேசிக்கொண்டு போகும்போது வெளிப்பக்கம் இருப்பவர் வண்டிகள் ஓடும் தடத்துக்குள் இருக்கிறார். முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தை உரசினால் விழுவதும் அந்தத் தடத்தில்தான். அக்கரைக்குத் தெற்கே கடல்காற்று கொண்டுவந்து கொட்டும் மணல் ஓரத்தில் படிந்து கிடக்கும். மெல்லிய டயர் அதில் ஏறியதும் வழுக்கும். மணலைப் பார்த்ததும் வலப்பக்கம் வெட்டுகிறோம், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல். வெட்டுமுன் ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காதில் இயர்போன் வேண்டாம். முதுகுப் பக்கம் நமக்கு இருக்கிற ஒரே புலன் காதுதான்.

ஹெல்மெட் பற்றி ஒரு வார்த்தை. கட்டாயம் போடுங்கள். ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு போடுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 1078இன்படி ஹெல்மெட்டைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் விழவைத்துச் சோதிக்கிறார்கள். அந்த மோதலின் வேகம் 20 கி.மீ.யை ஒட்டி. நாமாக நிலைதவறிக் கீழே விழுந்தால் மண்டையைக் காப்பதற்கான பொருள் அது. 80 கி.மீ. வேகத்தில் வரும் காருக்காக யாரும் அதைச் செய்யவில்லை. தலையில் ஹெல்மெட் ஏறியதும் ஓட்டத்தில் ஒரு துணிச்சல் ஏறுவதை என்னிடமே கண்டிருக்கிறேன்.

இந்தச் சாலையில் நம்மைவிட முன்னதாகவே சைக்கிளில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்காக வருகிறவர்கள் இல்லை அவர்கள். ஒரு நாள் பாலவாக்கத்துக்கு அருகில், கிட்டத்தட்ட பத்தடி தூரத்துக்கு வந்த பிறகுதான் முன்னால் ஒரு சைக்கிள் போவதைக் கவனித்தேன். பழைய இருபத்திரண்டு அங்குல வண்டி. ஹேண்டில்பாரில் மஞ்சப்பை, கேரியரில் டிபன் டப்பா, அடர்நீலச் சீருடை. பின் மட்கார்டில் இருந்த சிவப்பு ரிஃப்ளெக்டர்மேல் சேறு காய்ந்து அப்பிக் கிடந்தது. பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். இரவுக் காவல் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறாராம். “அண்ணே, ஒரு லைட்டு போட்டுக்கலாமே” என்றேன். “எதுக்கு சார், ரோடு பூரா லைட்டு எரியுதே” என்றார்.

அவர் சொன்னது அவர் வரையில் சரிதான். தெருவிளக்கில் அவருக்குப் பள்ளம் தெரிகிறது, நாய் தெரிகிறது. ஆனால் பின்னால் வருகிறவருக்கு அவர் தெரிகிறாரா என்பது வேறு விஷயம். சைக்கிள் விளக்கு நாம் பார்க்க என்றே நினைத்துப் பழகிவிட்டோம். நகரத்தில் அது முதலாவதாக, நாம் பார்க்கப்படுவதற்காக. முன்பெல்லாம் டைனமோ விளக்கு இல்லாமல் போனாலோ டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் பிடித்து நிறுத்துவார். காற்றைப் பிடுங்கி விடுவார் என்ற பயமும் இருக்கும். அந்தப் பயம் போனதோடு விளக்கும் போய்விட்டது. புதிய சைக்கிள்களில் ரிஃப்ளெக்டர்களைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2020இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. நல்ல காரியம். ஆனால் நகரத்தில் இரவில் ஓடுகிற சைக்கிள்களில் பல அதற்கு வெகுகாலம் முன்பு வாங்கியவை. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, பெடல்களின் விளிம்பில் ஒளிரும் பட்டை, மட்கார்டில் ஒரு சாண் சிவப்பு ஸ்டிக்கர்: எந்த சைக்கிள் கடையிலும் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டின் விலைக்குள் முடிந்துவிடும். பெடல் பட்டையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அது மேலும் கீழும் ஆடும். அசையாத சிவப்புப் புள்ளியைத் தூரத்துக் கம்பம் என்று நினைத்துவிடலாம். ஏறி இறங்கும் இரண்டு புள்ளிகளை மனிதனின் கால் என்று கண் உடனே கண்டுகொள்ளும்.

நெரிசலுக்குள் வந்தால் ஆபத்தின் இடம் மாறுகிறது. அங்கே முதுகைவிட இரு பக்கங்களையும் கவனிக்க வேண்டும்.

வேளச்சேரியில் ஒரு சிக்னல். சிவப்பில் டிப்பர் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதற்கும் நடைமேடைக்கும் இடையில் சைக்கிள் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. நுழைந்தேன். பாதி தூரம் போனதும் கிளீனர் தலையை வெளியே நீட்டி, கதவை உள்ளங்கையால் அடித்துக் கத்தினார்: “தம்பி, அங்க நிக்காத! டிரைவருக்கு உன்னைத் தெரியாது!” இறங்கி சைக்கிளைப் பின்னால் தள்ளினேன். பச்சை விழுந்ததும் லாரி இடப்பக்கம் திரும்பியது. பின்சக்கரங்கள் நான் நின்றிருந்த இடத்தின் மேலேயே ஏறி, நடைமேடையின் விளிம்புக் கல்லை உரசிக்கொண்டு போயின. அந்தக் கல்லில் பழைய டயர்க் கறுப்பு ஏற்கனவே இருந்தது.

நீளமான வண்டி திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். லாரி, பஸ், தண்ணீர் லாரி எல்லாவற்றுக்கும் இது பொது. ஓட்டுநர் வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது கதவுக்குக் கீழே, முன்சக்கரத்தை ஒட்டி நிற்கிற சைக்கிள் அவருடைய கண்ணாடியிலும் விழாது, ஜன்னலிலும் விழாது. லண்டன் நகரத்துச் சாலைகளில் ஓடும் மொத்தத் தூரத்தில் லாரிகளின் பங்கு 4 விழுக்காடுதான். ஆனால் 2015 முதல் 2017 வரை சைக்கிள்காரர்கள் இறந்த மோதல்களில் 63 விழுக்காட்டில் லாரி இருந்தது என்று அந்நகரப் போக்குவரத்து நிர்வாகம் கணக்குக் காட்டியது. ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக எவ்வளவு தெரிகிறது என்று அளந்து, போதாத லாரிகளை நகரத்துக்குள் கட்டுப்படுத்தும் விதியை 2021 முதல் அங்கே அமல்படுத்துகிறார்கள். நம் லாரிகளுக்கும் சக்கரங்களுக்கு இடையில் பக்கவாட்டுத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். அது மேலே மடங்கிக் கிடப்பதை அடுத்த சிக்னலில் நீங்களே பார்க்கலாம். கனரக வண்டியின் இடப்பக்கம் எவ்வளவு இடம் இருந்தாலும் நுழையாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். அரை நிமிடம் தாமதம், அவ்வளவுதான்.

அடுத்தது கார்க் கதவு. நம் ஊரில் வண்டிகள் இடது ஓரம் நிற்கின்றன, ஓட்டுநர் கதவு சாலைப்பக்கம் திறக்கிறது. திறந்த கதவு ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்கும். நிற்கிற வண்டிகளை ஒட்டியே போவது பணிவு என்று நினைத்து நாம் அந்த ஒரு மீட்டருக்குள் போகிறோம். கதவு திறந்தால் அதில் மோதுவது ஒரு அடி. அதிலிருந்து சாலை நடுவில் எறியப்படுவது அடுத்த அடி. ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள், பின்னால் ஹாரன் அடித்தாலும் சரி. கார் வைத்திருப்பவர்களுக்கு நெதர்லாந்துக்காரர்களின் வழக்கம் ஒன்று உதவும்: கதவை அதற்கு எட்டத்தில் உள்ள கையால் திறப்பது. நம் ஓட்டுநர்கள் இடது கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் பார்க்கும். பிரிட்டனின் சாலை விதிநூலில் 2022 ஜனவரியில் இதைச் சேர்த்தார்கள்.

எதிர்த்திசையில் ஓரமாகப் போவது இன்னொரு பழக்கம். எதிரே வருவது தெரியும், அதனால் பத்திரம் என்பார்கள். நீங்கள் 15, எதிரே வரும் பைக் 50 என்றால் மோதும் வேகம் 65. பக்கச் சந்திலிருந்து வெளியே வருகிறவரும் உங்கள் திசையைப் பார்க்கவே மாட்டார்.

ஐப்பசி பிறந்தால் இவை எல்லாவற்றோடும் தண்ணீர் சேர்கிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.க்கு நடக்கிறது. தடுப்புகளால் குறுகிய தடங்களில் பஸ்ஸும் சைக்கிளும் ஒரே பாதையில் நெருங்குகின்றன. பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகடும் சாலையின் தடித்த வெள்ளைக் கோடும் நனைந்தால் சோப்பு. அவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல், நேராகக் கடந்துவிடுங்கள். சாலையோடு இணையாகக் கம்பி வைத்த வடிகால் மூடிகள் மெல்லிய சக்கரத்தை அப்படியே விழுங்கும். தேங்கிய தண்ணீருக்குள் எக்காரணம் கொண்டும் சைக்கிளை விடாதீர்கள். மூடி இருக்கிறதா இல்லையா என்று தண்ணீருக்கு மேலிருந்து யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு அடிபட்டால் செய்ய வேண்டியவை. 108ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. தூக்கிவந்தவரைப் பெயர் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்மேல் வழக்கும் பாயாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு அதற்குத்தான். மோதிய வண்டியின் எண்ணை யாராவது ஒருவர் உடனே குறித்துவையுங்கள். வண்டி நிற்காமல் ஓடி, அடையாளமே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரலிலிருந்து உயிரிழப்புக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் மத்திய அரசின் திட்டத்தில் உண்டு. வருவாய்த் துறை அதிகாரியிடம்தான் மனுக் கொடுக்க வேண்டும். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையே, நமக்கு என்ன கிடைக்கும் என்று பலர் காவல் நிலையத்துக்கே போவதில்லை. பாலவாக்கத்தில் பார்த்த காவலாளியிடம் இதைச் சொன்னபோது, “சைக்கிளுக்கும் உண்டா?” என்று இரண்டு முறை கேட்டார்.